முதலாண்டு கால்நடை மருத்துவம்: சேர்வதற்கு முன்பே உடற்கூறியலைப் படித்து முடித்துவிடலாமா?

கேள்வி, மே 4

கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முதலாண்டில் எல்லாரையும் திணற வைப்பது உடற்கூறியல்தான் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அதனால் நாய், மாடு, குதிரை மூன்றின் எலும்புகளையும் தசைகளையும் இப்போதே மனப்பாடம் செய்துவிடலாம் என்றிருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று அட்டவணையும் போட்டாயிற்று. அண்ணன்மார், அக்காமார் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

மே 4, இரவு

வேண்டாம். அந்த அட்டவணையைக் கிழித்துவிடுங்கள்.

உடற்கூறியல் கடினம் என்பது உண்மைதான். ஆனால் அது புத்தகத்தில் தொடங்குகிற பாடம் இல்லை. தோள்பட்டை எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிப்பக்கம் நடுவே ஒரு முகடு ஓடும். நாய்க்கு அந்த முகடு கீழே வந்து அக்ரோமியன் என்ற முனையில் முடியும். மாட்டுக்கும் அக்ரோமியன் உண்டு, ஆனால் முகடே முன்பக்கமாக ஒதுங்கி இருப்பதால் முன்பள்ளம் குறுகலாக இருக்கும். குதிரைக்கு அக்ரோமியனே கிடையாது, முகடு கீழே போகப் போக மங்கி மறைந்துவிடும். இதை நான்கு முறை வாசித்தாலும் பரீட்சை மேசைக்கு முன் நிற்கும்போது எது எதற்கு என்று குழம்பும். மூன்று எலும்பையும் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்த முகட்டைத் தடவிப் பாருங்கள். ஆயுசுக்கும் மறக்காது.

1885இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறக்கின்றன என்று தன்னையே வைத்துச் சோதித்தார். பொருள் ஒட்டாத சொற்கள் முதல் சில மணி நேரத்திலேயே பெருமளவு கழன்று போயின. எலும்பைப் பார்க்காமல் எலும்பின் மேடுபள்ளங்களுக்குப் பெயர் படிப்பதும் அதே கதைதான்.

முதலாண்டு முழுக்க ஒரே விஷயம்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்: நலமாக இருக்கும் விலங்கு எப்படி இருக்கும் என்பது. உடற்கூறியல் அதன் அமைப்பு, உடலியங்கியல் அதன் இயக்கம், திசுவியல் அதையே நுண்ணோக்கியில் பார்ப்பது. அப்படியானால் இந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது நலமான விலங்குகளின் பக்கத்தில் போய் நிற்பது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மே 5

அதற்கு முன் ஒன்று. விலங்குகளின் பக்கத்தில் போவதற்கு முன் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கடிபடாத நிலையில் முன்கூட்டியே போடும் ஊசிக்கு, 2018இலிருந்து உலக சுகாதார நிறுவனம் இரண்டு தவணை பரிந்துரைக்கிறது: முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. அதற்கு முன் மூன்று தவணையாக இருந்தது, உங்கள் சீனியர்கள் மூன்று என்று சொன்னால் அதனால்தான். உங்கள் ஊர் விதிமுறையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே போட்டவரும் கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மறுபடியும் ஊசி போட வேண்டும். வித்தியாசம் என்னவென்றால் தவணை குறையும், இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்புக்குப் போடும் எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படாது. அறிகுறி தொடங்கிய பிறகு ரேபிஸுக்கு நம்பகமான சிகிச்சை கிடையாது. இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை இருந்தால் கல்லூரியில் முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். ஏன் என்று டிஸெக்‌ஷன் ஹால் (விலங்கின் உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

மே 9

வீட்டில் நாய் இருக்கிறது, அது போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். தொடங்குவதற்கு நல்ல இடம். அது தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். தொடையின் உள்பக்கம் விரலை வைத்து நாடி பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள், விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று கவனியுங்கள். நலமான நாயில் இரண்டு நொடிக்குள் சிவந்துவிடும். இதைப் பல நாள் பார்த்த கைக்கு, மூன்று நொடி எடுத்தால் யாரும் சொல்லாமலே உறுத்தும்.

ஆனால் வீட்டு நாயோடு நிற்க வேண்டாம். ஒரு பால் பண்ணைக்குப் போய், வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் கூடமாட ஒத்தாசை செய்ய அனுமதி கேளுங்கள். சேர்வதற்கு முந்தைய விடுமுறையில் நான் அப்படித்தான் ஒரு பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே மாடு பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் படித்தவர் இல்லை. காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் நின்று ஒரு சுற்று பார்ப்பார். எது அசை போடவில்லை, எது காதைத் தொங்கப் போட்டிருக்கிறது, எது மற்றவற்றை விட்டு ஒதுங்கி நிற்கிறது. தொடுவதற்கு முன்பே பாதி முடிந்துவிடும். தூர நின்று பார்ப்பதுதான் பரிசோதனையின் முதல் படி என்று பின்னால் வகுப்பில் சொன்னபோது எனக்கு அவர் நின்ற விதம்தான் நினைவுக்கு வந்தது.

அவர் காட்டிக்கொடுத்த இன்னொன்று. மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். அதில் கையை மடக்கி முஷ்டியாக அழுத்தி வைத்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். உள்ளே இருந்து மெதுவாக ஒன்று எழும்பி வந்து கையைத் தள்ளும், பிறகு அடங்கும். அதுதான் ரூமன், அசை போடும் பெரிய இரைப்பை. வளர்ந்த மாட்டில் அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். நலமாக இருந்தால் நிமிடத்துக்கு ஒன்று இரண்டு முறை தள்ளும். ஸ்டெதாஸ்கோப்பை அங்கே வைத்தால் தூரத்து இடி போலக் கேட்கும்.

நிற்கும் இடம் முக்கியம். மாட்டுக்கும் குதிரைக்கும் நேர் பின்னால் கண் தெரியாது. குரல் கொடுத்துக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாகப் போக வேண்டும். குதிரை பெரும்பாலும் நேர் பின்னால் உதைக்கும். மாடு காலை முன்னே கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும், ஆகவே பக்கத்தில் நிற்பதால் மட்டும் பாதுகாப்பு இல்லை. கூடவே வேலை தெரிந்த ஆள் இல்லாமல் பெரிய விலங்கின் அருகே போகாதீர்கள்.

மே 10

விட்டுப் போனது. நொடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்குங்கள், கழுவக்கூடியதாக. நாடி எண்ணும்போது அழுக்குக் கையோடு ஃபோனை எடுக்க முடியாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ரப்பர் பூட்ஸ். ஒரு பண்ணையில் போட்டதைக் கழுவாமல் அடுத்த பண்ணைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், நோயை நாமே சுமந்துகொண்டு போவோம்.

மே 16

டிஸெக்‌ஷன் ஹால். நிறையப் பேர் தனியாக எழுதிக் கேட்டதால் கொஞ்சம் விரிவாக.

முதலில் வாசனை. பெரும்பாலான இடங்களில் உடலை ஃபார்மலின் கொடுத்துப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். கண் எரியும், மூக்கில் நீர் வரும். அதில் உள்ள ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே கையுறை, கண்ணாடி, ஜன்னல், விசிறி எதையும் அலட்சியம் செய்யாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குச் சாதாரண மூக்குக்கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிடச் சொன்னது இதற்குத்தான். தலைமுடியில் வாசனை ஏறிக்கொள்ளும், கட்டி மூடிக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் போடுகிறவர்களில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள்.

பிளேடு. மூன்றாம் எண் கைப்பிடிக்கு 10, 11, 15 போன்ற சிறிய பிளேடுகள், நான்காம் எண் கைப்பிடிக்கு 20இலிருந்து மேலே உள்ள பெரிய பிளேடுகள். மாற்றிப் பொருத்தினால் சேராது. மாட்டவும் கழற்றவும் விரலைப் பயன்படுத்தவே கூடாது. பிளேடின் பின்பக்கத்தை இடுக்கியால் பிடித்து, கொஞ்சம் தூக்கி, உடம்புக்கு எதிர்த் திசையில் தள்ளிக் கழற்ற வேண்டும். வெட்டும்போது ஆகும் காயத்தைவிடக் கழற்றும்போது ஆகும் காயத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தோலை உரிக்கும்போது கத்தியின் வாய் தோலைப் பார்த்து இருக்கட்டும், தசையைப் பார்த்து வேண்டாம். தோலில் ஓட்டை விழுந்தால் பரவாயில்லை, அடியில் இருக்கும் மெல்லிய தசையும் நரம்பும் போய்விட்டால் அந்த வருடம் முழுக்க உங்கள் மேசையில் அதைப் பார்க்க முடியாது. தோல் வந்த பிறகு கத்தியைக் கீழே வையுங்கள். தசைக்கும் தசைக்கும் நடுவே விரலை விட்டு, அல்லது மூடிய கத்தரிக்கோலை நுழைத்துத் திறந்து, மெதுவாகப் பிரிக்க வேண்டும். வெள்ளையாக ஒரு நூல் குறுக்கே வந்தால் சவ்வு என்று நினைத்து அறுத்துவிடாதீர்கள். இரண்டு முனையும் எங்கே போகின்றன என்று பாருங்கள். தசைக்குள் நுழைந்தால் அது நரம்பு.

வேலை முடிந்ததும் ஈரத்துணி போட்டு மூடுங்கள். காய்ந்துபோன உடலில் எதையும் பிரிக்க முடியாது.

அப்புறம் மேசையில் ஒருவர் அறுக்க, ஒருவர் புத்தகத்தை வாசிக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது என்று முதல் வாரமே ஒரு வழக்கம் வந்துவிடும். அப்படி நடக்க விடாதீர்கள். முறை வைத்து மாறுங்கள். கூச்சப்பட்டு எப்போதும் வாசிக்கும் வேலையையே எடுத்துக்கொள்கிறவர்கள் கடைசியில் பெயர் தெரிந்தும் கை தெரியாமல் நிற்கிறார்கள்.

மே 17

“மேசையில் நாயைப் பார்த்ததும் அழுதுவிட்டால் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லை என்று நினைப்பார்களா?”

மாட்டார்கள். விலங்குகள் மீது அன்பிருப்பதால் வருகிற பிள்ளைகள்தான் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள், அவர்கள் முன்னால் முதல் வாரமே ஒரு நாயின் உடலைக் கிடத்துகிறோம். கலங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெளியே போய்விட்டு வாருங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தோல் விலகி முதல் தசை தெரியும்போது கவனம் அதில் போய்விடும். போகவில்லை, பல வாரமாகத் தூக்கம் கெடுகிறது என்றால் ஆசிரியரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ பேசுங்கள். பிந்தைய ஆண்டுகளில் கருணைக்கொலையும் வரும். மனதில் உள்ளதைப் பேசிப் பழகுவதை முதலாண்டிலேயே தொடங்குவது நல்லது.

அந்த உடலைக் கிண்டல் செய்து படம் எடுத்துப் போடுகிற கூட்டத்தோடு சேராதீர்கள். அது நமக்குப் பாடம் சொல்ல வந்த உயிர்.

மே 25

மே 4 அன்று புத்தகமே வேண்டாம் என்று சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மனப்பாடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டு விஷயங்களை இப்போதே படிக்கலாம்.

ஒன்று, திசைச் சொற்கள். முதுகுப்பக்கம் டார்சல், வயிற்றுப்பக்கம் வென்ட்ரல், தலைப்பக்கம் கிரேனியல், வால்பக்கம் காடல், தலைக்குள்ளேயே மூக்கை நோக்கி ரோஸ்ட்ரல். மனித உடற்கூறியல் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு வயிறு முன்னால் இருக்கிறது, நான்கு காலில் நிற்கும் விலங்குக்கு வயிறு கீழே இருக்கிறது. ஒரு நாயைப் பார்த்துக்கொண்டே கையை வைத்துச் சொல்லிப் பழகினால் ஒரு மாலையில் வந்துவிடும்.

இரண்டு, வேதியியலில் பலவீனமாக இருப்பவர்கள் பள்ளிப் பாடத்தையே மறுபடி பாருங்கள். அமிலம், காரம், சவ்வூடு பரவல், குளுக்கோஸ் உடைவது. உயிர்வேதியியல் வகுப்பு இவை தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் ஓடும். விருப்பமில்லாமல் படிக்க வேண்டியதில்லை, ஒரு மாட்டை வைத்துப் படியுங்கள். மாடு தின்னும் நாரை ரூமனில் இருக்கும் நுண்ணுயிரிகள் நொதிக்க வைத்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி இவற்றிலிருந்துதான். குளுக்கோஸ் குடலிலிருந்து நேராகக் கிடைப்பது சொற்பம், கல்லீரல் முக்கியமாகப் புரோபியோனேட்டிலிருந்து அதைத் தயாரித்துக்கொள்கிறது. பாலில் இருக்கும் லாக்டோஸுக்கும் அந்தக் குளுக்கோஸ்தான் வேண்டும். ஆகவே கன்று ஈன்று பால் ஏறும் சமயத்தில் தீனி போதாவிட்டால் மாடு உடம்புக் கொழுப்பைக் கரைக்கிறது, கொழுப்பு உடையும்போது உண்டாகும் கீட்டோன் இரத்தத்தில் ஏறுகிறது, கீட்டோசிஸ் என்ற நோய் வருகிறது. பிந்தைய ஆண்டில் வரும் நோய்ப்பாடம் இது. அடித்தளம் முதலாண்டு உயிர்வேதியியல்.

ஜூன் 2

பாடத்துக்கு வெளியே கொஞ்சம். இந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

1761இல் கிளாட் பூர்ஷ்லா என்பவர் பிரான்சில் லியோன் நகரில் கால்நடை மருத்துவத்துக்கென்று முதல் கல்லூரியைத் தொடங்கினார். அவர் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். அந்தக் காலத்தில் ரிண்டர்பெஸ்ட் எனும் வெக்கை நோய் ஐரோப்பாவின் மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று, கல்லூரி எழுந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்தக் கல்லூரி தொடங்கி 250 ஆண்டு நிறைந்த 2011ஐ உலக கால்நடை மருத்துவ ஆண்டாகக் கொண்டாடினார்கள். அதே 2011இல் உலகம் முழுவதிலும் வெக்கை நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதர்களின் பெரியம்மைக்குப் பிறகு இப்படி முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றுதான். முதலாண்டில் சலிப்பு வரும் நாட்களில் நான் இதை நினைத்துக்கொள்வேன். எந்த நோயை எதிர்கொள்ள முதல் வகுப்பறையைத் திறந்தார்களோ, அந்த நோயை நம் தொழில் இல்லாமல் செய்திருக்கிறது.

ஜூன் 8

“எனக்கு நாய், பூனை மருத்துவம் மட்டும்தான் வேண்டும். மாடும் கோழியும் எதற்கு?”

தம்பி, நாயும் பூனையுமே ஒன்றில்லை. வளர்ந்த நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. பல விலங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்றின் அமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். சில உதாரணம் சொல்கிறேன்.

குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, வாந்தியும் எடுக்க முடியாது என்றே சொல்லலாம். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்து வளையத்தசை அவ்வளவு இறுக்கம். அதனால் இரைப்பை உப்பிய குதிரைக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு நாம்தான் வெளியேற்ற வேண்டும், தாமதித்தால் இரைப்பை கிழிந்துவிடும்.

கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு மேலும் கீழும் அசைந்துதான் காற்றுப் பைகளுக்குள் காற்று போய்வருகிறது. பயந்துபோய்ப் பறவையின் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கழுத்தை நெரிக்காமலே மூச்சு நின்றுவிடும். நாளைக்கு உங்கள் மேசைக்கு ஒரு கிளி வரும், அப்போது இது வேண்டும்.

மாட்டில் ரெட்டிகுலம் என்ற இரைப்பை அறைக்கும் இதயத்துக்கும் நடுவில் இருப்பது உதரவிதானமும் சிறிது இடைவெளியும்தான். மாடு தீனியை மென்று பார்க்காமல் விழுங்கும். கம்பித் துண்டு, ஆணி உள்ளே போனால் ரெட்டிகுலத்தில் தங்கும், அது சுருங்கும்போது குத்திக்கொண்டு முன்னே போய் இதய உறையையே தொட்டுவிடலாம். அந்த மாடு முழங்கையை வெளியே விரித்து, முதுகை வளைத்து நிற்கும். டிஸெக்‌ஷன் மேசையில் ரெட்டிகுலத்தையும் இதயத்தையும் இரண்டு கையால் ஒரே சமயத்தில் தொட்டுப் பார்த்தவருக்கு அது ஏன் அப்படி நிற்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெப்பநிலையும் அப்படித்தான். 39 டிகிரி செல்சியஸ் நாய்க்கும் மாட்டுக்கும் இயல்பு. ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு அது காய்ச்சல். கோழிக்கு 41ஐ ஒட்டி இருப்பதுதான் இயல்பு.

ஜூன் 20

படிக்கும் முறை பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்குப் பலன் கொடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளைத்தாளில் வரையுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. முன்காலின் தமனி எங்கே தொடங்கி எங்கே பிரிகிறது என்று புத்தகத்தை மூடிவிட்டு வரைந்து, பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். கோடு போட்டுப் போட்டு வாசிப்பது தெரிந்த மாதிரி ஒரு மயக்கத்தைக் கொடுக்கும், மூடிவிட்டு வரைந்தால்தான் எது தெரியவில்லை என்று தெரியும். அன்றைக்கு அறுத்ததை அன்று இரவே ஒரு முறை, அந்த வாரக் கடைசியில் ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை.

ஸ்பாட்டர் தேர்வுக்கு (கொடி குத்திக் காட்டிய உறுப்பைப் பார்த்து இன்னதென்று சொல்லும் தேர்வு) உங்கள் மேசையை மட்டும் நம்பாதீர்கள். கொடி குத்தி வைக்கும் உடல் வேறொன்றாக இருக்கும். உங்கள் மேசை நாய் கொழுத்தது என்றால் பக்கத்து மேசையில் மெலிந்த நாயைப் போய்ப் பாருங்கள். தலைகீழாகத் திருப்பிக் கிடத்திய எலும்பைப் பார்த்து வலதா இடதா என்று சொல்லிப் பழகுங்கள். எலும்புப் பெட்டி கிடைத்தால் பைக்குள் கை விட்டுத் தடவியே கண்டுபிடிப்பது என்று நண்பர்களோடு விளையாடலாம், நாங்கள் விடுதியில் நடுராத்திரி வரை விளையாடியிருக்கிறோம்.

திசுவியலில் எல்லாம் இளஞ்சிவப்பாகத்தான் தெரியும். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் முழு ஸ்லைடையும் பாருங்கள். எல்லாரும் அவசரமாகப் பெரிய லென்சுக்குத் தாவுவார்கள், தாவினால் எந்த உறுப்பு என்றே தெரியாது. இரத்த ஸ்லைடில் மட்டும் பெரிய லென்ஸ். சிவப்பணுவுக்குள் உட்கரு இருந்தால் அது பறவையாகவோ ஊர்வனவாகவோ இருக்கலாம், பாலூட்டி இல்லை. வெள்ளாட்டின் சிவப்பணு நாயினதில் கிட்டத்தட்டப் பாதி விட்டம்தான் இருக்கும்.

ஜூலை 12

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருப்பதைப் பார்த்து ரொம்ப மகிழ்ச்சி. பண்ணைக்குப் போய் வருகிறாராம். ஒரே மாடு காலையில் மெதுவாகவும் மத்தியானம் இரண்டு மடங்கு வேகமாகவும் மூச்சு விடுகிறது, எண்ணுவதில் தப்பா என்று கேட்கிறார்.

தப்பில்லை. வெயில் ஏறும்போது மாடு உடம்புச் சூட்டை வியர்வையாலும் மூச்சாலும் வெளியேற்றுகிறது, ஆகவே மூச்சு வேகமாகும். நடந்து வந்த மாடு, சினை மாடு, இப்போதுதான் தின்று முடித்த மாடு எல்லாவற்றிலும் எண்ணிக்கை மாறும். அதனால் வெறும் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். மணி, வெயிலா நிழலா, நின்றதா படுத்திருந்ததா என்று பக்கத்தில் குறியுங்கள். விலாவை அருகில் போய்ப் பார்க்காமல் சற்றுத் தள்ளி நின்று எண்ணுங்கள், நம்மைப் பார்த்தாலே மூச்சு மாறும். அடுத்த முறை ரூமன் தள்ளுவதையும் அதே தாளில் எழுதி, அசை போடும்போதும் போடாதபோதும் ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன வித்தியாசம் தெரிகிறது என்று இங்கேயே எழுதுங்கள், வேறு சிலரும் அதே கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.